சுல்தான் கட்டிய குருவி வீடு

கியாக்டடா பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் ஷைலாவின் கடைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு சிட்டுக்குருவிக் குடும்பம் இருந்தது. கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பலகையைக் கழற்றச் சொன்னார்கள். கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள். இடம் மாறினால் தாய் வராதோ என்று ஷைலாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

கூட்டைக் கடைக்குள் எடுத்துவந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் கீழே வைத்தாள். வாடிக்கையாளர் விநாயகமூர்த்தி இஸ்தான்புல்லில் எடுத்து, தன் புது வீட்டுச் சுவருக்காகச் சட்டம் போடக் கொடுத்திருந்த புகைப்படம் அது. பழைய சுல்தான் ஒருவர் கட்டிய பள்ளிவாசலின் சுவரில், பறவைகள் குடியிருக்கவென்றே கல்லில் செதுக்கிய குட்டி மாளிகை. குவிமாடம், தூண், ஜன்னல் எல்லாம் உண்டு, குருவிதான் இல்லை.

"அங்கே இடம் சும்மாத்தானே கிடக்கு, போய் இருந்துக்கங்க," என்று குஞ்சுகளிடம் சொல்லிச் சிரித்தாள். தாய்க்குருவி தேடி வரட்டும் என்று வாசலில் நெற்கதிர்க் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டு, மாதாவை வேண்டிக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

காலையில் கூடு அங்கே இல்லை. படத்தில், மாளிகையின் ஜன்னலிலிருந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது.

படத்தை எடுத்துப்போக வந்த விநாயகமூர்த்தி அதில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கீச்சுக்கீச்சு.

"என்னண்ணே செய்யறது? இன்னிக்குத்தானே உங்க புது வீடு குடிபோறது?"

"அதான் சொல்றேன். நான் குடிபோற நாள்ல இன்னொரு குடும்பத்தைக் கிளப்புவேனா? குஞ்சு பறக்கட்டும்மா. என் சுவரு காத்திருக்கும்."

கதிர்க் கொத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்குருவி, அலகில் புழுவோடு அவர்கள் தலைக்கு மேலே பறந்து நேராகப் படத்துக்குப் போனது. கண்ணாடியில் மோதவில்லை.