ஆயில் முள்

முள் விழமாட்டேன் என்றது.

கணபதியில் பஷீரின் ஒர்க் ஷாப் வாசலில் லாரி அரை மணி நேரமாக நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் பொங்கியண்ணன். வண்டிக்குச் சொந்தக்காரர். ஆயில் பிரஷர் மீட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது.

கீழே மட்கார்டில் சாய்ந்து நின்றான் காளிச்சாமி. பதினோரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன்.

அன்னூரிலிருந்து கரூருக்கு நூல் ஏற்றிப் போகிறவன், வெள்ளகோவிலைத் தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டான். கேட்டால், முள் சைபருக்கு விழுந்தது, அப்படியே ஓட்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்றான். மூன்று நடையாக இதே கதை. நூல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று மில்காரர் ஆள் அனுப்பிவிட்டார்.

பொங்கியண்ணன் நம்பவில்லை. அவர் யாரைத்தான் நம்பினார்? எடை மேடையை நம்பமாட்டார். மெக்கானிக் முடுக்கிய போல்ட்டை வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் முடுக்குவார். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஆளே கூப்பிடமாட்டார், எல்லாம் அவர் கைதான்.

வருகிற வழியிலேயே சொல்லிவிட்டார். பஷீர் முன்னால் முள் விழுந்தால் வண்டியில் கோளாறு. விழாவிட்டால் உன்னிடம் கோளாறு, சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிக்கொள்.

காளிச்சாமி சரி என்று தலையாட்டினான். உடனே ஒத்துக்கொண்டதும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"உழுகுதுங்களாண்ணா?" என்று என்ஜின் பக்கத்திலிருந்து பஷீர் கத்தினான்.

"எங்க உழுகுது! கல்லாட்ட நிக்கிது. டேய் காளி, உன்ற முள்ளு டீக்கடயப் பாத்தாத்தான் உழுகுமாட்ட இருக்குது!"

"டீ நான் குடிக்கறதே இல்லீங்க மொதலாளி. பித்தம்," என்றான் காளிச்சாமி.

பொங்கியண்ணன் காலை ஆட்டினார். மீட்டர் கண்ணாடியைச் சுண்டினார். எழுந்தார், உட்கார்ந்தார். விழுந்தால் என்ஜினே போய்விட்டதோ என்னவோ. விழாவிட்டால் பதினோரு வருஷத்து ஆள் போனான். எது வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

பஷீர் ஆக்சிலேட்டரை அமுக்கச் சொன்னான். அமுக்கினார். வண்டி உதறியது.

முள் பொத்தென்று சைபருக்கு விழுந்தது.

பொங்கியண்ணன் பதறிப்போய் என்ஜினை அணைத்தார்.

பஷீர் தன் சொந்த மீட்டரைக் கொண்டுவந்து என்ஜினில் இன்னொரு ஓட்டையில் திருகினான். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். வண்டியின் முள் சைபரில் படுத்துக் கிடக்க, பஷீரின் மீட்டர் ஜம்மென்று ஏறி நின்றது.

"என்ஜின் தங்கமாட்ட இருக்குதுங்ணா. முள்ளுதான் பொய் சொல்லுது."

பொங்கியண்ணனுக்குப் போன உயிர் வந்தது. வந்த உடனே சந்தேகம் காளிச்சாமி பக்கம் திரும்பியது.

"அப்ப ஒயர நோண்டுனது ஆருடா?"

ஒயரை யாரும் நோண்டவில்லை. பஷீர் அதை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்துவிட்டான். பிறகு முள்ளுக்குச் சேதி அனுப்புகிற யூனிட்டுக்கு வந்தான். என்ஜினின் பக்கவாட்டில் திருகியிருக்கும், கட்டைவிரல் பருமனில் ஒரு சாமான். அதன் உடம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு வெறும் கம்பியை வைத்தான். முள் எழுந்தது. எடுத்தான். படுத்தது. வைத்தான். எழுந்தது.

"எர்த்தே புடிக்கலீங்ணா."

என்ஜினை நிறுத்தி யூனிட்டைக் கழற்றினான். மரை முழுக்க வெள்ளை டேப். பைப்பில் தண்ணீர் ஒழுகாமலிருக்கச் சுற்றுவார்களே, அது. ஏழெட்டுச் சுற்று இருக்கும். இரும்போடு இரும்பு தொட்டால்தான் முள்ளுக்கு உயிர். டேப் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி குலுங்குகிற குலுக்கலில் ஒரு சமயம் தொட்டிருக்கிறது, ஒரு சமயம் விட்டிருக்கிறது.

பஷீர் சிரித்துவிட்டான். "இதென்ன போர்வெல்லுங்களா? எந்தப் புண்ணியவான் சுத்துனது?"

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் காளிச்சாமி சொல்லிவிட்டான்.

"நாந்தான் பாய். ஆயில் கசிஞ்சுது. கெணத்து மோட்டாருன்னு நெனச்சுச் சுத்திப்போட்டேன்."

"பதனோரு வருசம் ஓட்டி நல்லாக் கத்துக்கிட்ட போ!" என்று பஷீர் தலையில் அடித்துக்கொண்டான். டேப்பை நகத்தால் உரித்து வீசினான். மரையை டீசலில் கழுவி வெறுமனே திருகினான். என்ஜினைப் போட்டு எவ்வளவு உதறவைத்தும் முள் இறங்கவில்லை.

பொங்கியண்ணன் கீழே இறங்கினார். "ஏண்டா, உனக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தார்.

காளிச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொங்கியண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். "செரி, வண்டிய எடு," என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

அன்னூர் வருகிறவரைக்கும் அவர் முள்ளைப் பார்க்கவில்லை. இவன் எதற்கு ஏற்றுக்கொண்டான், இதை வைத்துக்கொண்டு என்றைக்கு என்ன கேட்பான் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காளிச்சாமிக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. கிணறு ஏது, மோட்டார் ஏது?