பதினேழாம் எண்

கணினியில் திறந்த ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது.

அவள் எழுதியதல்ல.

"பழசு ஏதாவது இருந்தா மொதல்ல அதத் தூக்கிருங்க மேடம்" என்றார் போனில் அலுவலகத்துக் கணினிக்காரர். அவள் வீட்டில் வரையும் கட்டட வரைபடங்களை அலுவலகம் நேரடியாக எடுத்துக்கொள்ள வழி திறக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் பத்து நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அலுவலகமும்.

அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

வீட்டுக்குள் எத்தனை கருவி இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரிதான். யாரை உள்ளே விடலாம் என்று விதி எழுதிக் கொடுத்தால் ஒழிய, தானாக வருபவனை அது வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

இங்கே யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். வருபவரைப் பதினேழாம் எண்ணுக்கு அனுப்பு.

வீட்டுக் கருவிகளில் எது பதினேழு?

டிவியை அணைத்தாள். பிரின்டரைப் பிடுங்கினாள். திரையில் பதினேழு மறையவில்லை. அதற்கு எதிரே இருந்த டேட்டா எண்ணிக்கை மட்டும் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. இந்த நிமிடம் யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

தலையைத் தூக்கினாள்.

அலமாரி உச்சியில், மகள் தவழத் தொடங்கியபோது கணவன் மாட்டிய கேமரா. எப்போதோ செத்துப்போனதென்று நினைத்திருந்தாள். கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது.

அவன் ஆறு வயது மகளோடு வேறு வீட்டுக்குப் போய் ஐந்து மாதம். வழக்கு முடியும்வரை ஞாயிறு மட்டும் மகள் இவளிடம். அந்த ஞாயிறும் கூடாதென்று அவன் மனு போடக்கூடும் என வக்கீல் எச்சரித்திருந்தார்.

அதற்குத்தானா இது?

இந்த மேசையில் தலைகவிழ்ந்து அழுதது, தனக்குத்தானே பேசிக்கொண்டது, எச்சில் கையோடு தூங்கிப்போனது எல்லாம் அவனிடம் ஆதாரமாக இருக்கும். பாவி. கூட இருந்தவரை ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்க்காதவன், இப்போது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திரையைப் படமெடுத்து வக்கீலுக்கு அனுப்பினாள். பிறகு விதியை நீக்கினாள். சேமித்தாள். ரவுட்டரின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

அவன் எண்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எடுத்தாள்.

மகளின் குரல்.

"அம்மா, நீ திடீர்னு காணாமப் போயிட்ட. அப்பா போன்ல வரவே மாட்டேங்குற. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலம்மா."