ஒத்துக்கொள்ளாத ஒருவர்

வக்கீலாக இருந்தபோது ஆஸா பெல்னாப்புக்கு ஒரே எரிச்சல்: தீர்ப்பு வருமுன்பே நீதிபதிகள் மீன்பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒஹாயோ சட்டசபைக்குப் போனதும் சட்டமே கொண்டுவந்துவிட்டார்: ஜூரிகள் அத்தனை பேரும் ஒத்துப்போகும்வரை நீதிபதி கோர்ட்டை விட்டு நகரக் கூடாது, மீறினால் சிறை. கெட்டிக்காரர்தான், யார் இல்லையென்றது?

இப்போது அவரே நீதிபதி. ஓய்வு பெறுமுன் அன்று கடைசி வழக்கு. இருவரும் மகள் வீட்டுக்கே குடிபோவதற்காக, வாசலில் மூட்டைமுடிச்சோடு வண்டியில் காத்திருந்தாள் மனைவி லவைனா.

குதிரை திருடியவன் குற்றவாளிதான் என்று பன்னிரண்டு ஜூரிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய அறையைப் பூட்டப்போன சேவகன் எப்ரேம், வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தான்.

“ஐயா, உள்ளேருந்து கதவைத் தட்டுறாங்க. இன்னும் ஒருத்தர் ஒத்துக்கலையாம்.”

“குடிச்சிருக்கியா? பன்னெண்டு பேரும் போயாச்சேய்யா!”

திறந்து பார்த்தால் யாருமில்லை. பூட்டினால் தட்டுகிறது.

“உங்க சட்டத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!” என்று கத்திவிட்டு லவைனா வண்டியை விரட்டினாள்.

அதன்பின் இரண்டு வருஷச் சோளம் விளைந்துவிட்டது; பெல்னாப் இன்னும் கோர்ட்டில்தான். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அந்த அறையிலிருந்து மரியாதையாக ஒரு குரல் கேட்கும்:

“ஜட்ஜ் ஐயா இருக்காரா?”

“இருக்கேன்,” என்பார் பெல்னாப்.

“நல்லதுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”