அடிக்கல் வரிசை

குட்டி எழவில்லை.

தாய்க்குதிரை அதன் கழுத்தை மூக்கால் தள்ளிப் பார்த்தது. மறுபடி தள்ளியது. தலை கொஞ்சம் உயர்ந்து, புல்லிலேயே விழுந்தது.

அவள் தூரத்தில் நின்றாள், காற்று தன் முகத்தில் அடிக்கிற பக்கமாக. குதிரை பார்க்கப் போகும் தொண்டர்களுக்கு முதலில் சொல்லித்தருவது அதுதான். மட்டக்குதிரைக்கு உன் மணம் போகக் கூடாது. கண்ணைப் பார், காலைப் பார், விலாவைப் பார். தொடாதே.

தாயின் விலா ஒட்டிப்போயிருந்தது. மடியும்.

தண்ணீர் இல்லை, பால் இல்லை.

நெடுந்தீவின் தெற்கு வெளியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் குளங்கள் வற்றி வெடித்துவிடும். மிஞ்சுவது இந்த ஒரு துரவு. மாடும் குதிரையும் சரிவில் இறங்கிக் குடிக்கிற கிடங்கு. போன வாரம் அதை உள்ளே வளைத்துக்கொண்டு நெஞ்சுயரத்துக்கு முருகைக்கல் வேலி, பவளப்பாறைத் துண்டுகளை அடுக்கிய வேலி, எழும்பியிருந்தது.

உள்ளே தண்ணீர் மின்னியது.

அவள் வேலியின் மேல் கல்லைத் தூக்கிக் கீழே போட்டாள்.

“உனக்கென்ன விசரே?” கூட வந்த ரஜீவன் ஓடி வந்தான். “எங்கட வேலை பாக்கிறது மட்டும்தான்.”

“பாத்திட்டன்.”

அடுத்த கல். அதற்கடுத்தது.

ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேலி கட்டுவித்த குணநாயகம். பக்கத்துக் காணிக்காரர், விடுதி கட்டப்போகிறார். விடுதிக்குத் தண்ணீர் வேண்டும்.

“ஆரைக் கேட்டுக் கல்லில கை வைச்சனீ?”

“குதிரையைக் கேட்டனான், அண்ணை.”

ரஜீவன் சிரிப்பை இருமலாக்கினான்.

“வாய் நீளம்தான்.” அவர் இறங்கவில்லை. “இஞ்சத்தை முறை தெரியும்தானே? எடுத்த கல்லைப் பொழுதுபட முந்தி அடுக்கோணும். வந்து பாப்பன்.”

தெரியும். தீவில் எல்லோருக்கும் தெரியும். மாடு விடுவதற்கு எவர் வேலியையும் பிரிக்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். பிரித்தவர், எல்லையில் புதைத்த அடிக்கல்லின் மேல் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“முறைப்படியே அடுக்கிறன், அண்ணை.”

புழுதி அடங்கியது. அவள் குனிந்தாள்.

கல் இருந்த இடத்தில் புல். நசுங்கிய, இன்னும் பச்சை மாறாத புல்.

அடிக்கல் இல்லை.

திறந்த வழியால் நுழைந்தாள். துரவைத் தாண்டி அவர் காணிப் பக்கம் நடந்தாள். செருப்பு எதிலோ இடித்தது. மண்ணில் பாதி புதைந்து, கறுத்து, அடிக்கல் வரிசை ஓடியது. பழைய வேலி நின்ற இடம். மேல் கற்களைத்தான் அள்ளிப்போயிருந்தார்கள். புதைந்ததைத் தோண்டச் சோம்பல்.

வரிசைக்கு அந்தப் பக்கம் அவர் காணி. இந்தப் பக்கம் துரவு.

கைபேசியை எடுத்துத் தொண்டர் குழுவுக்குக் குரல் அனுப்பினாள்.

“எல்லாரும் துரவடிக்கு வாங்கோ. கையுறை இருந்தாக் கொண்டு வாங்கோ. இல்லாட்டிலும் வாங்கோ.”

ரஜீவன் அடிக்கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“பாக்கிறது மட்டும்தான் எண்டனீ,” என்றாள்.

அவன் போய் முதல் கல்லைத் தூக்கி வந்தான்.

குழு வந்ததும், குட்டி கிடந்த பக்கத்து வேலியை முதலில் வெறுமையாக்கினார்கள். பிறகு எல்லோரும் தள்ளிப்போய், மறு முனையிலிருந்து பிரித்துப் பழைய அடிக்கல்லின் மேல் அடுக்கினார்கள். குதிரை மிரண்டுவிடும். கல்லின் மேல் கல் வைக்கும்போது சத்தம் வரக் கூடாது. குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்கள். முருகைக்கல் விரல் நுனிகளைத் தின்றது.

குட்டியைத் திரும்பிப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாயக் குணநாயகம் வந்தார். இந்த முறை தன் காணிக்குள்ளால்.

வேலி நெஞ்சுயரத்துக்கு நின்றது. எங்கும் இடைவெளி இல்லை. அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“எண்ணிப் பாருங்கோ, அண்ணை.” வேலிக்கு மறுபுறம் நின்று சொன்னாள். “உங்கட கல் ஒண்டும் குறையாது.”

அவர் எண்ணவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

சரிவில் தாய்க்குதிரை குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.

அதன் வயிற்றுக்கடியில் இன்னும் நான்கு கால்கள். மெல்லியவை. நடுங்கியபடி.