முந்தானைக் காற்று

உள்ளங்காலில் கறுப்பு மச்சமாகத் தொடங்கிய புற்றுநோய் வேலாத்தாளின் நுரையீரல் வரை ஏறிவிட்டது. போட்ட ஊசி கேட்கவில்லை. இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அது குடலைப் புண்ணாக்கிவிடலாம். இல்லையென்றால் வலிக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கலாம் என்றார் டாக்டர். எதென்று முடிவு செய்ய முடியாத கணவர் சென்னியப்பன் அவளை அம்மனிடம் பூ வைத்து வாக்குக் கேட்க அழைத்து வந்திருந்தார். அம்மனின் வலத்தோள் பூ விழுந்தால் மருந்து, இடத்தோள் பூ விழுந்தால் வீடு. காற்றில் விழுந்தால் வாக்காகாது என்று பூசாரி மின்விசிறியை நிறுத்தியிருந்தார். நெடுநேரமாகியும் பூ அசையவில்லை. வேலாத்தாளுக்கு வியர்த்துக் கொட்டிக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மகன் கல்யாணத்துக்குப் பூ கேட்க அடுத்ததாகக் காத்திருந்த ஓர் அம்மாள், யார் எவரென்று கேட்காமல் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள்.

“ஏனுங்கம்மா, விசிறாதீங்க! பூ விழுந்துருமுங்க” என்று பதறினார் பூசாரி.

“பூ விழுந்தா நீங்க புடிச்சுக்குங்க சாமி. இந்தப் புள்ள விழுந்தா ஆரு புடிக்கறது?”

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மன் முகத்தையும் விசிறும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவரிடம், “ஏனுங்க, அந்த மருந்தையும் ஏத்திக்கறனுங்க. டாக்டர்கிட்டச் சொல்லீருங்க” என்றாள். “நிறுத்தீராதீங்கக்கா. இன்னுங் கொஞ்சம் விசிறுங்க.”

இடத்தோள் பூ மெல்ல ஆடத் தொடங்கியது. பூசாரி கண்களை மூடிக்கொண்டார்.