மிகக் கடினமான ஒருவர்

முதல் வரியிலேயே பேனா மக்கர் பண்ணியது.

'சமூகத்தின் மீது எனக்குள்ள எல்லையற்ற அக்கறை' என்று எழுதினாள். உடனே அடித்தாள். தெருமுனைக் குப்பைத் தொட்டியையே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறாள். எல்லையற்ற அக்கறைக்கு எங்கே போவது?

இன்னொரு தாளை எடுத்தாள்.

பாளையங்கோட்டையில் ஒரு குடும்பநல ஆலோசனை மையம். சமூகப் பணியாளர் ஒருவர் தேவை. விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வேண்டும், கைப்பட, ஒரு பக்கத்துக்கு மிகாமல். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாள். 'நீங்கள் கையாண்டதிலேயே மிகக் கடினமான ஒருவரைப் பற்றி எழுதவும்' என்று வேறு கேட்டிருந்தார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு கல்யாணம். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

படிக்கிற காலத்தில், களப்பணிக்குப் போன இடத்தில் ஒரு குடிகாரரிடம் பேசியிருக்கிறாள். அவர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நல்லா படிம்மா என்று அனுப்பிவைத்தார். அவரைக் கடினமானவர் என்று எழுத மனசு வரவில்லை.

அப்புறம் யார்?

அடுப்படியில் அத்தை ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தார்.

அவள் எழுத ஆரம்பித்தாள். இந்த முறை பேனா நிற்கவே இல்லை.

'வயது எழுபத்தொன்று. பிடிவாதக்காரர். முதல் ஓராண்டு என்னிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பாத்திரங்கள் மூலம் சொன்னார். நான் குறுக்கிடாமல் கேட்டேன். மாலையில் அவரோடு அமர்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்தேன். தொடரில் வரும் மாமியார் என்ன செய்தாலும் மாமியார் பக்கமே நின்றேன். மருமகளின் பாலில் அவர் விஷம் கலந்த வாரத்தில்கூட நின்றேன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள், காபி வேண்டுமா என்று என்னைக் கேட்டார்.'

பெயரைப் போடவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

கடைசி வரிக்கு வந்தாள். 'தேர்வு செய்யப்பட்டால்' என்று எழுதி, சேரும் நாளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 'பணியில் சேர இயலும்' என்று முடித்தாள்.

அந்த இடத்தை நிரப்ப அவளுக்குத் தைரியம் இல்லை.

இந்த வீட்டில் பெண்கள் வேலைக்குப் போனதில்லை. அம்மாவைக் கேட்டுக்கோ என்று கணவன் நழுவிக்கொண்டான். வாரம் முழுக்க அத்தையிடம் கேட்கத்தான் போகிறாள். போய், உப்பு டப்பா எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேஜையருகே அத்தை நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கையில் தாள்.

வேலை போச்சு. இனி காபியும் போச்சு.

அத்தை செய்தித்தாளைக் காலமானார் விளம்பரம் வரை விடாமல் படிக்கிறவர். இதையும் அப்படித்தான் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

பேனாவை எடுத்தார்.

எழுபத்தொன்றை அடித்தார். அதன் மேலே அறுபத்தெட்டு என்று எழுதினார்.

பிடிவாதக்காரரைத் தொடவில்லை.

பாத்திரங்களையும் விட்டுவிட்டார். விஷம் கலந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அந்த வாரத்தை நினைத்துக்கொண்டவராகத் தலையை ஆட்டினார். பிறகு கீழே இறங்கினார்.

விரல் அந்தக் காலி இடத்தில் வந்து நின்றது.

அத்தை அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கேட்க வேண்டியது தொண்டை வரை வந்தது. உப்பு டப்பாவும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

அத்தை தாளை மேஜையில் வைத்தார். சுவரில் தொங்கிய காலண்டரிடம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஏட்டி, திங்கக்கெழம வேண்டாம். எட்டு மணிக்குப் பொறப்பட்டா ராகுகாலத்துலல்லா எறங்கணும். புதன்கெழம சேருதேன்னு எழுது."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேர்முகத் தேர்வுக்கே இன்னும் கூப்பிடவில்லை. எந்த மாதத்துப் புதன் என்றும் தெரியாது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

புதன்கிழமை என்று எழுதினாள்.