ஜெயிச்சா எடுத்துக்கலாம்

“இது குப்பைம்மா. பழைய பேப்பர்காரன்கூடத் தொட மாட்டான்” என்றார் பல் டாக்டர்.

சொன்னாரே தவிர, கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. மேஜைமேல் இருந்தது லேசுப்பட்ட பெட்டியா என்ன? மரம் மாதிரி முகப்பு, கையால் திருப்ப ரெண்டு திருகு, ஒரு சிவப்புச் சுவிட்ச். வீட்டு டிவியில் மனுஷன் விளையாட ஆரம்பித்த காலத்து வீடியோ கேம்!

அதற்கப்புறம் வந்த கேசட் மாடல், ஜாய்ஸ்டிக் மாடல், டிவியைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுகிற மாடல் எல்லாம் டாக்டர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. இந்த ஆதிமூலம் மட்டும்தான் சிக்காமல் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. போனால் போகிறது என்று எடுத்துக்கொள்கிற மாதிரி நடித்து, சும்மாவே அமுக்கிவிடலாம் என்பது அவர் திட்டம்.

வீட்டுக்கார அம்மா ரிட்டையர்டு மேட்ரன். ஆஸ்பத்திரியில் பெரிய பெரிய சர்ஜன்களையே நடுங்க வைத்தவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“குப்பை அள்ளவா இவ்வளவு தூரம் காரைப் போட்டுக்கிட்டு வந்தீங்க?”

டாக்டர் கையிலிருந்த கார் சாவியைப் பைக்குள் மறைத்தார்.

“பேப்பர்ல விளம்பரம் குடுத்தது நான்தான். ஆனா இது விக்கிறதுக்கில்ல. என்னோட ஆடி ஜெயிச்சா அப்படியே தூக்கிட்டுப் போகலாம். தோத்தா அடுத்த வாரம் வரணும்.”

டாக்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கடைவாய்ப் பல்லின் வேரையே தடவிப் பிடிக்கிற கை. இந்தக் கிழவி எம்மாத்திரம்!

டிவியில் ரெண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. திருகைத் திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். அவ்வளவுதான் ஆட்டம்.

அந்த அவ்வளவிலேயே டாக்டர் மண்ணைக் கவ்வினார்.

“எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்த்தப்ப வாங்கிட்டு வந்தது” என்றார் மேட்ரன், மூச்சுகூட வாங்காமல். “தினம் சாப்பிட்டதும் ஒரு ஆட்டம். தோத்தவங்க பாத்திரம் தேய்க்கணும். அவர் போற வரைக்கும் நான் பாத்திரத்தைத் தொட்டதே இல்ல.”

வியாழக்கிழமை கிளினிக்குக்கு லீவு. அதனால் வியாழன்தோறும் டாக்டர் போனார், தோற்றார், வந்தார்.

“வியாழக்கிழமை ஆனா சென்ட் அடிச்சுக்கிட்டு எங்க கிளம்புறீங்க?” என்று மடக்கினாள் மனைவி.

“ஒரு லேடியைப் பார்க்க.”

“வயசு?”

“எழுபதுக்கு மேல.”

“சரி சரி, வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வாங்க.”

கிளினிக்கிலும் அதே நினைப்பு. நோயாளி வாயைப் பிளந்துகொண்டிருக்க, நாற்காலியை ஏற்றி, இறக்கி, ஏற்றிப் பயிற்சி எடுத்தார்.

“டாக்டர், சொத்தைப் பல்லு எனக்கா, நாற்காலிக்கா?” என்றார் நோயாளி, தலை சுற்றிப்போய்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் டாக்டர் ஜெயித்தேவிட்டார்! நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்ததில் அவர் மூக்குக் கண்ணாடி எகிறி விழுந்தது.

மேட்ரன் எழுந்து டிவியை அணைத்தார். பெட்டியைத் துடைத்தார். ஒரு டவலில் சுற்றிக் கொடுத்தார்.

“ஒயரை மடிக்காதீங்க டாக்டர். சுருட்டி வைங்க” என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் காரில் விசிலடித்துக்கொண்டே வீடு வந்தார். வந்ததும் வராததுமாக டிவியில் மாட்டி, மனைவியைக் கூப்பிட்டார்.

“வாயேன், ஒரு ஆட்டம்.”

“வெங்காயம் எங்கே?”

வெங்காயத்தை மறந்திருந்தார். அதற்குமேல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற தைரியம் அவருக்கு இல்லை.

இடது கையால் ஒரு திருகு, வலது கையால் ஒரு திருகு என்று தானே ஆடிப் பார்த்தார். இடது கை தோற்றது. வலது கைக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. பின்னாளில் வந்த மாடல்களில் மெஷினே எதிராளியாக நின்று ஆடும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எதிரே இன்னொரு மனுஷர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

டாக்டரின் கை சட்டென்று நின்றது.

அப்படியானால், அந்த அம்மா விளம்பரம் கொடுத்தது பெட்டியைத் தள்ளிவிடுவதற்கா? எதிரே உட்கார ஆள் வேண்டும் என்றல்லவா! இப்போது அந்த ஆளும் போய், பெட்டியும் போய்...

அலமாரியில் ஆதிமூலத்துக்கென்று ஒழித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். பெட்டியை அதில் வைக்காமல், டவலிலேயே திரும்பச் சுற்றினார்.

அடுத்த வியாழக்கிழமை டவல் மூட்டையோடு மேட்ரன் வீட்டு வாசலில் நின்றார்.

“அம்மா, மெஷின் ரிப்பேர். வலது பக்கத் திருகு சிக்குது. ஓடாத சாமானை ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? நீங்களே வெச்சுக்குங்க.”

மேட்ரன் வாங்கி டிவியில் மாட்டினார். திருகு வெண்ணெய் மாதிரி சுழன்றது. புள்ளி ஜோராகத் துள்ளியது.

“நல்லாத்தானே இருக்கு?”

“இங்க ஓடுதும்மா... எங்க வீட்டுக் கரண்ட் இதுக்கு ஒத்துக்கல போல” என்றார் டாக்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மேட்ரன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க. ஜெயிச்சு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்ததுல நீங்க நாலாவது ஆள். திங்கக்கிழமை ஆட வர்ற வக்கீல் வீட்டுல வோல்டேஜ் கம்மியாம். புதன்கிழமை வர்ற இன்ஜினீயர் வீட்டுல டிவி சரியில்லையாம். சனிக்கிழமை வர்ற போலீஸ்காரர்தான் பாவம், பொய் சொல்ல வராம அழுதுட்டார்!”